மேட்டுக்குப் போகாத மூட்டைகள்

மின்விசிறித் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் கூடத்தைத் தாண்டிப் பின்பக்கம் போனால் ஒரு தகரக் கொட்டகை வரும். தொழிற்சாலை வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். இறக்கை வெட்டியபின் மிஞ்சிய தகடு, மோட்டார் சுற்றியபின் மிஞ்சிய செம்புக் கம்பித் துணுக்கு, அட்டைப்பெட்டி, தெர்மாகோல், எண்ணெய் துடைத்த துணி, கிழிந்த கையுறை என்று வந்துகொண்டே இருக்கும். அந்தக் கொட்டகைக்கு ராணி, மந்திரி, காவல்காரி எல்லாமே ஒருத்திதான். தொழிற்சாலை முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிட வயதில் மூத்த ஃபோர்மேன்கூட அக்கா என்பார். "நான் உங்களுக்கு அக்கான்னா உங்களுக்கு இன்னும் பால்குடி மறக்கலையா?" என்று ஒருமுறை கேட்டும் பார்த்தாள். மனிதர் அசரவில்லை, "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூட்டை கட்டுவதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. அட்டைக்கு நீல நாடா, பிளாஸ்டிக்குக்கு மஞ்சள், துணிக்குச் சிவப்பு. எதற்கும் ஆகாமல் ஊர்க் குப்பை மேட்டுக்குப் போகிற மூட்டைக்குக் கறுப்பு. மூட்டை வாயை இரண்டு சுற்றுச் சுற்றி அவள் போடுகிற முடிச்சை வேறு யாராலும் போட முடியாது, அவிழ்க்கவும் முடியாது. ஒரு மூட்டையில் வேறு சரக்கு கலந்து வந்துவிட்டால் போச்சு. கலந்தவனைத் தேடிப் பிடித்து வரவழைத்து, அவன் கையாலேயே பிரிக்க வைப்பாள். "உங்க வீட்ல செருப்பையும் சாப்பாட்டுத் தட்டையும் ஒண்ணா போட்டுத்தான் கழுவுவீங்களா?" என்று அவள் கேட்கும்போது கொட்டகைக்கு வெளியே நாலு பேர் நின்று சிரிப்பார்கள். அடுத்த முறை அந்த நாலு பேரில் ஒருவன் உள்ளே நிற்பான்.

கறுப்பு நாடா மூட்டைகளை டிப்பரில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோவது அவளுடைய தம்பி.

அம்மா சீக்கிரமே போய்விட்டாள். தம்பி அப்போது நடக்கப் பழகியிருந்தான், அவ்வளவுதான். அவனுக்குச் சோறு ஊட்டியதும், காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அக்காதான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இவனை யார் பாத்துக்கறது?" என்று தள்ளிப்போட்டாள். அவன் மீசை முளைத்து, லாரி ஓட்டி, கல்யாணமும் செய்துகொண்டான். அவளை அதற்குப் பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பட்டிருந்தாலும் யாரிடமும் சொல்கிற ஆள் இல்லை.

அப்பாவின் கதைதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் வயிற்றில் கிடக்கிற கல். அவருக்குக் கண் போனது. ஒரே நாளில் போயிருந்தால்கூடத் தேவலை. முதலில் போனது நிறம். பச்சைச் சட்டையை எடுத்து, "இந்த நீலச் சட்டையைத் தேச்சு வை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு முகங்கள் மங்கின, படிகள் மங்கின, கடைசியில் வெளிச்சமும் போயிற்று. அவர் பின்னறையில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சாகும்வரை அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுவர் அங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம்.

தம்பிக்கு முப்பது தாண்டியதும் இடது கண் போயிற்று. இது குடும்பத்தில் வருகிற நோய், வலது கண் நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்றார் டாக்டர். தூர ஊர்களுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனை முதலாளிகள் ஒவ்வொருவராகக் கைகழுவினார்கள். ஒற்றைக் கண்ணனிடம் யார் ஸ்டீயரிங்கைக் கொடுப்பார்கள்? அக்கா போய் வண்டிக் கான்ட்ராக்டர் காலில் விழாத குறையாகக் கேட்டு, இந்த டிப்பர் வேலையை வாங்கிக் கொடுத்தாள். தொழிற்சாலையின் பின்வாசலிலிருந்து மேடுவரை, ஊருக்குள் நுழையாத ஒரு மண்சாலை. எதிரே வண்டி வராது. ஒரு கண்ணே அதற்கு அதிகம்.

தம்பி அந்தச் சாலையில் ராஜாவாக ஓட்டினான். "எல்லாரும் இத்தனை வருஷமா இங்க குப்பை கொட்டறேன்னு பேச்சுக்குத்தான் சொல்றாங்க, நான் ஒருத்தன்தான் நெஜமாவே கொட்டறேன்" என்று பின்வாசல் காவல்காரரிடம் தினமும் சொல்வான். அவரும் தினமும் சிரிப்பார். அக்காவுக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் கொட்டகைவரை கேட்கும். இவன் பின்னறைக்குப் போகமாட்டான் என்று அப்போது அவளுக்குத் தோன்றும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொழிற்சாலைக்குச் சுற்றுச்சூழல் அதிகாரி என்று ஒரு இளம்பெண் வந்து சேர்ந்தாள். வந்ததுமே எல்லோரையும் கூட்டிவைத்து, இங்கிருந்து ஒரு கைப்பிடி குப்பைகூட மேட்டுக்குப் போகக் கூடாது, பூஜ்ஜியம், அதுதான் நம் இலக்கு என்றாள். கூட்டம் கலைவதற்குள் அவளுக்குப் பூஜ்ஜியம் என்றே பெயர் விழுந்துவிட்டது. அது அவள் காதுக்கும் போனது. "நல்ல பேருதான், வச்சவங்களுக்கு நன்றி" என்றாள். நல்ல பெண். கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதையில் திட்டுவதற்கு ஒரு ஆளாவது கிடைத்திருக்கும்.

அக்காவுக்குப் பூஜ்ஜியத்தை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வெயில் காலத்தில் மேடு தானாகப் பற்றிக்கொள்ளும். புகை அவள் தெருவுக்குள் வந்தால் கதவு ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு குழந்தைகள் இருமும். அந்த மேட்டுக்கு ஒரு மூட்டை குறைந்தாலும் புண்ணியம் என்று அவள் மனதார நம்பினாள். இருவரும் கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சரக்காகக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். இது எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, வேறு யாருக்காவது ஆகுமா என்று பேசுவார்கள். பூஜ்ஜியம் வெளியே போய் ஆட்களைப் பிடித்து வருவாள், அக்கா உள்ளே ஆட்களைப் பிடித்து உலுக்குவாள். தகட்டு மிச்சம் வாஷர் செய்கிறவரிடம் போயிற்று. தெர்மாகோலுக்குப் பதில் பெட்டிக்குள் பொதிய அட்டைக்கூழ் அச்சு வந்தது. கேன்டீனில் காகிதக் கப் ஒழிந்து ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் வந்தது. கையுறையைத் துவைத்துத் திரும்பப் போட்டார்கள். பெயின்ட் கசடும் தூசியும் டிரம்மில் அடைத்து சிமென்ட் ஆலைச் சூளைக்குப் போயிற்று. கூட்டிப் பெருக்குகிறவர்களிடம் அக்கா, முதலில் காந்தத்தை ஓட்டு, பிறகு துடைப்பத்தைத் தொடு என்றாள். ஒரு வாரம் முணுமுணுத்தார்கள், பிறகு காந்தத்தில் எவ்வளவு ஆணி மாட்டியது என்று போட்டி போட ஆரம்பித்தார்கள்.

கறுப்பு நாடா செலவாவது குறைந்துகொண்டே வந்தது. தினமும் போன டிப்பர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போயிற்று. பிறகு வாரத்துக்கு ஒரு நடை. தம்பியின் சாலையைத் தன் கையாலேயே சுருக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அக்காவுக்கு உறைக்கவே இல்லை. வேலை நன்றாக நடக்கிறபோது அது மனிதருக்குக் கண்ணை மறைத்துவிடுகிறது. தம்பியும் வாய் திறக்கவில்லை. தம்பி மனைவிதான் ஒரு நாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது மெல்லச் சொன்னாள்.

"அண்ணி, வண்டி இல்லாத நாள்ல அவரு பின்னறையில போய் உக்காந்துக்கறாரு."

"பின்னறையில என்ன பண்றான்?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்திருக்காரு. ரேடியோவைக் கேட்டுக்கிட்டு."

அக்கா குடம் நிரம்பி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பூஜ்ஜியத்தின் அறைக்குப் போய் நின்றாள். தம்பிக்கு உள்ளேயே ஏதாவது வேலை போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். பூஜ்ஜியம் உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், உடனே எழுந்து போய் நாலு இடத்தில் கேட்டாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட இரண்டு கண்ணும் வேண்டுமாம். மோட்டார் சுற்றுகிற இடத்தில் மயிரிழைக் கம்பி, அதற்கும் கண் வேண்டும். வாசல் காவல் வேறு கம்பெனி கையில், அவர்களும் கண் பரிசோதனை செய்துதான் எடுப்பார்களாம். திரும்பி வந்த பூஜ்ஜியத்தின் முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"மன்னிச்சுக்கங்க அக்கா. நான் இன்னும் முயற்சி பண்றேன். ஆனா உடனே கவலைப்பட வேண்டாம். இன்னும் வாரம் ஒரு லோடு மேட்டுக்குப் போகுதே, அது இருக்கற வரைக்கும் வண்டி ஒப்பந்தம் இருக்கும்."

ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. ஆனால் அக்கா கொட்டகைக்குத் திரும்பி நடக்கும்போது அந்த வார்த்தை அவளுக்குள் வேறு மாதிரி முளைத்துவிட்டது.

அந்த வாரம் கறுப்பு நாடாவுக்கு அநேகமாக எதுவுமே மிச்சமில்லை. அக்கா கொட்டகைக் கதவைச் சாத்தினாள். ஒரு காலி மூட்டையை எடுத்தாள். மடித்து அடுக்கிய நல்ல அட்டையை உள்ளே போட்டாள். அதன்மேல் பிளாஸ்டிக் உறைகளைப் போட்டாள். துவைக்கப் போக வேண்டிய துணி, தகட்டுச் சுருள், ஒரு பிடி செம்புத் துணுக்கு, மேலே கொஞ்சம் தூசி. செருப்பும் தட்டும் ஒன்றாக. கை கூசியது. இத்தனை வருஷத்தில் ஊரையெல்லாம் எதற்காகத் திட்டினாளோ, அதை அவளே செய்துகொண்டிருந்தாள். வேலியே பயிரை மேய்கிறது என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு கறுப்பு நாடாவை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றித் தன் முடிச்சைப் போட்டாள். அப்படியே டிப்பர் கொள்கிற அளவுக்குக் கட்டி முடித்தாள்.

தம்பி வந்தான், ஏற்றினான், ஓட்டிக்கொண்டு போனான். வாசலில் காவல்காரரின் சிரிப்புக் கேட்டது. அன்று அவள் நிம்மதியாக நாலு வாய் சாப்பிட்டாள்.

அடுத்த வாரமும் கட்டினாள். அதற்கடுத்த வாரமும். அட்டைக் குவியலிலிருந்து இவ்வளவு எடுத்தும் அது குறையவே இல்லையே என்று ஒருமுறை தோன்றியது. உற்பத்தி கூடியிருக்கிறது, பெட்டியும் கூடத்தானே வரும் என்று விட்டுவிட்டாள். தப்புச் செய்கிறவர்களுக்கு இந்த மாதிரி சமாதானமெல்லாம் கேட்காமலே வந்து சேரும்.

அவளை உறுத்தியது வேறொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி, அவன் கல்யாணத்துக்குப் பிறகு அவள் தனியாக இருந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தான். கொடியில் காய்ந்த சட்டையைக் காட்டி, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டான்.

"ஏங்க்கா, அந்தச் சட்டை நீலம்தானே?"

சட்டை பச்சை. இலைப் பச்சை. பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், அந்த ஒரு கண்ணால். அப்பா சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தது அவள் கண்முன் வந்தது. இவனுக்கும் ஆரம்பித்துவிட்டதா? இருக்கிற ஒரு கண்ணுமா? பச்சைடா என்று சொல்லி இவனை இந்த இடத்திலேயே கொல்ல வேண்டுமா?

"ஆமாடா, நீலம்தான்" என்றாள்.

அவன் முகம் சட்டென்று வாடியது. எதனால் என்று அவளுக்குப் புரியவில்லை. தண்ணீர் கொஞ்சம் குடித்துவிட்டு, "சரிக்கா, உடம்பைப் பாத்துக்க" என்று எழுந்து போனான். அவன் போனபின் அவள் சமையலறையில் நின்று அழுதாள். அடுத்த நடைக்கு இரண்டு மூட்டை கூடுதலாகக் கட்டினாள். கண் இருக்கிற வரைக்குமாவது அவன் ஓட்டட்டும் என்று.

பிறகு ஒரு நாள் பூஜ்ஜியம் எல்லோரையும் கேன்டீனில் கூட்டினாள்.

"மேட்டு எடைமேடையில கேட்டுட்டேன். மூணு மாசமா நம்ம தொழிற்சாலை பேர்ல அங்க ஒரு கிலோகூட இறங்கல. வாரா வாரம் வண்டி பேருக்குத்தான் போயிருக்கு. பூஜ்ஜியம். நாம சாதிச்சுட்டோம். இதுக்கு முதல் காரணம் நம்ம அக்கா."

எல்லோரும் கை தட்டினார்கள். எவர்சில்வர் டம்ளரை மேசையில் தட்டினார்கள். ஃபோர்மேன் எழுந்து நின்று தட்டினார். அக்கா எழுந்திருக்கவில்லை. வாரா வாரம் மூட்டை மூட்டையாகக் கட்டி ஏற்றியது எங்கே போயிற்று? மேட்டில் இறங்கவில்லை என்றால் வேறு எங்கே இறங்கியது? பூஜ்ஜியம் மேலே பேசிக்கொண்டே போனாள். வெள்ளிக்கிழமை நடைதான் கடைசி, அதோடு வண்டி ஒப்பந்தம் முடிகிறது, கான்ட்ராக்டருக்குக் கடிதம் போய்விட்டது என்று சொல்லும்போது மட்டும் அக்காவின் பக்கம் பார்க்கவில்லை.

அன்று முழுக்க அக்காவின் தலைக்குள் ஒரே கேள்விதான் சுற்றியது. மாலைக்குள் பதிலும் அவளே கண்டுபிடித்துவிட்டாள். விற்றிருக்கிறான். அட்டைக்கு ஆள் உண்டு, செம்புக்குச் சொல்லவே வேண்டாம், வழியிலேயே கை மாற்றியிருக்கிறான். தான் வளர்த்த பிள்ளைக்குக் கை நீளம். அவனுக்காக அவள் தன் பேரையும் தொழிலையும் சாக்கடையில் போட்டாள், அவன் அதையே அள்ளி விற்றுத் தன் வேலைக்குத் தானே கொள்ளி வைத்திருக்கிறான். அவளுக்கு வந்த கோபத்தில் நெற்றிப்பொட்டு தெறித்தது.

வெள்ளிக்கிழமை தம்பி கடைசி நடையை ஏற்றிக்கொண்டு போனான். அக்கா கொட்டகையைப் பூட்டிவிட்டு மண்சாலையில் நடந்தாள். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். பாதி வழியில், கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்ட ஒரு கட்டடம் உண்டு. கூரை மட்டும் இருக்கும், சுவர் இருக்காது. அதன் ஓரத்தில் டிப்பர் நின்றது.

தம்பி கூரை நிழலில் தரையில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி மூட்டைகள் வாய் கிழிந்து கிடந்தன. அந்த முடிச்சை அவனாலும் அவிழ்க்க முடியவில்லை, அறுத்திருக்கிறான். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வலது கண்ணருகே தூக்கிப் பார்த்து, பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அட்டை ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். பக்கத்தில் நீலம், மஞ்சள், சிவப்பு நாடாக்களைச் சுருட்டி வைத்திருந்தான். தகட்டுச் சுருள் கிழித்த விரல்களில் துணி சுற்றியிருந்தான். பழைய கீறல்கள் காய்ந்து கறுத்திருந்தன.

அக்கா அவனுடைய இடது பக்கமாக வந்து நின்றாள். அந்தப் பக்கம் அவனுக்குத் தெரியாது. ஒரு மூட்டையைக் கட்டினான். அவள் முடிச்சைப் போட முயன்றான், வரவில்லை. மறுபடி அவிழ்த்து மறுபடி போட்டான்.

"டேய்" என்றாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். திருட்டுத்தனமாக எதையோ தின்று மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி முழித்தான்.

"நீ எதுக்குக்கா இந்த வெயில்ல வந்த?"

"என்ன பண்ற நீ?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா."

"சும்மாவா? விரலைப் பாரு. என்ன பண்றேன்னு கேட்டேன்."

அவன் எழுந்து, பலகைக்கட்டை ஒன்றைத் துடைத்து, அவளை உட்கார வைத்தான். தோளைப் பிடித்து, மெதுவாக, தடுக்கி விழுந்துவிடுவாளோ என்பதுபோல.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இவ்வளவு நாளா இருந்தேன். மொதல்ல ஒரு மூட்டை வண்டியிலேயே கிழிஞ்சுது. பாத்தா உள்ள அட்டை, துணி, செம்பு எல்லாம் ஒண்ணாக் கிடக்குது. முடிச்சு உன் முடிச்சு. யாரோ கலந்துட்டாங்கன்னு நெனச்சேன். அடுத்த வாரமும் அப்படியே. அதுக்கப்பறம்தான் எனக்குப் புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது?"

"உனக்குக் கண்ணு போகுதுக்கா."

அவள் பலகைக்கட்டையிலிருந்து எழப் பார்த்தாள்.

"நானும் நம்பல. அதுக்குத்தான் அன்னைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் காட்டிக் கேட்டேன். பச்சைச் சட்டையை நீலம்னு சொன்ன. அப்பா சொன்ன மாதிரியே. உனக்கே தெரியலைன்னா அதை உன்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? தொழிற்சாலைக்குத் தெரிஞ்சா உன்னைக் கொட்டகையில விட்டு வைப்பாங்களா? அதான் இங்க உக்காந்து பிரிச்சு, காலையில நீ வர்றதுக்கு முன்னாடி உன் மாத்துச் சாவியால கொட்டகையைத் தெறந்து அந்தந்தக் குவியல்ல அவுத்துப் போட்டுட்டேன். தூசியைச் சிமென்ட் டிரம்முல கொட்டிட்டேன். எடைமேடைக்குப் போகவே இல்ல. யாருக்கும் தெரியாது. நீ பயப்படாத."

"வண்டி நின்னுடுமேடா." அவளுக்கு அதுதான் வந்தது. "மேட்டுக்கு ஒண்ணும் போகலைன்னா உன் வண்டி நின்னுடும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான் தம்பி. "என் வண்டி போனா போகுது. எனக்கு எப்படியும் நிக்கப்போறதுதான். உன் பேரு கெட்டுடக் கூடாது பாரு. இத்தனை வருஷம் ஒரு மூட்டை கலந்ததில்லைன்னு ஊரே சொல்லுது."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இங்கே இரண்டு சதையும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஆடி, ஒன்றையொன்று தள்ளிவிட்டிருந்தன. உண்மை அவள் நாக்கு நுனியில் இருந்தது. எனக்குக் கண்ணில் ஒன்றுமில்லைடா, உனக்காகத்தான் கலந்தேன், நீ தொடாமல் விட்டிருந்தால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் விரலில் இருக்கிற அத்தனை கீறலுக்கும் என்ன அர்த்தம்? மூட்டையைப் பிரித்துப் பிரித்துத் தன் சாலையைத் தன் கையாலேயே மூடிவிட்டோம் என்று அவன் மிச்ச வாழ்நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். இப்போதாவது அக்காவைக் காப்பாற்றினோம் என்று ஒரு நிறைவு அவன் முகத்தில் இருக்கிறது. அதையும் பிடுங்கிவிட்டு அவனை எந்த அறைக்கு அனுப்புவது?

"கொஞ்ச நாளாத்தான் மங்கலா இருக்குடா" என்றாள்.

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, துணி சுற்றிய கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அப்பா செத்தபோதுகூட அவன் அப்படி அழவில்லை. அவளும் அழுதாள். அவள் தன் கண்ணுக்காக அழுவதாக அவன் நினைத்தான், அவள் அவனுக்காக அழுதாள். பிறகு அவளே எழுந்து மிச்ச மூட்டைகளைப் பிரிக்க உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் எடுத்து, "இது என்னடா?" என்று அவனைக் கேட்டுக் கேட்டுப் போட்டாள். அவன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான்.

திங்கட்கிழமை டிப்பரைக் கான்ட்ராக்டரின் ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போனான். தம்பி பின்வாசல் வரை நடந்து வந்து, வண்டியில் ஒரு கதவு சரியாகச் சாத்திக்கொள்ளாது, இழுத்து அறைய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லி அனுப்பினான். காவல்காரர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தார், வரவில்லை. பூஜ்ஜியம் கொட்டகைக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பிக்கு வெளியே சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள். நிஜமாகவே சொல்லி வைத்திருந்தாள். கண் என்றதும் எல்லோரும் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அக்கா தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். கறுப்பு நாடாச் சுருள் ஆணியில் தொங்கியது, அதை எடுக்க வேண்டிய வேலை இனி இல்லை.

அந்த வாரமே தம்பி அவளை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். வேண்டாம்டா என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அப்பாவுக்குத்தான் லேட்டாப் பாத்தோம், உனக்கு அப்படி விடமாட்டேன்" என்று ஒரே பிடி. வண்டி போனதிலிருந்து அவன் பின்னறைப் பக்கம் போகவே இல்லை என்று தம்பி மனைவி சொன்னாள். காலையில் எழுந்ததிலிருந்து அக்கா கண்ணுக்கு என்ன செய்யலாம் என்றே பேசிக்கொண்டிருந்தானாம். சாலையைக் கடக்கும்போது அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். இடது பக்கமிருந்து வந்த ஸ்கூட்டரை அவன் பார்க்கவில்லை, அவள்தான் பார்த்து நின்றாள். தான் நிறுத்தியதாக அவன் நினைத்துக்கொண்டான்.

கடைக்காரர் அவளை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, கனமான ஒரு வெற்றுச் சட்டத்தை மூக்கில் மாட்டினார். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை வெளிச்சமாக இருந்தது. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. தம்பி அவள் தோளுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரியில் கொஞ்சம் தயங்கிப் படித்தாள். கடைக்காரர் குச்சியைக் கீழே இறக்கி, கடைசிக்கு முந்தைய வரியில் வைத்தார்.

"இது தெரியுதாம்மா?"

தெரிந்தது. அந்த வரி தெரிந்தது, அதற்குக் கீழே இருந்த பொடி எழுத்து வரியும் தெரிந்தது. பலகையை அச்சடித்த கடையின் பெயர் மூலையில் எறும்பு அளவுக்கு இருந்தது, அதுகூடத் தெரிந்தது. அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"தெரியலீங்க" என்றாள்.

தம்பி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"பரவாயில்லக்கா" என்றான். "நான் இருக்கேன்ல."